கடைசிப் பறவை

"மேடம், இதை மட்டும் விட்டுடுங்களேன். பத்து வருஷமா தினம் நான்தான் தொட்டுத் துடைக்கிறேன். குத்துக்கல்லாட்டம்தானே இருக்கேன்?"

அருங்காட்சியகக் காப்பாளர் மூன்றாவது முறையாகக் கெஞ்சினார். ஆய்வகத்திலிருந்து வந்த பெண் காதில் வாங்கவில்லை. கண்ணாடிக் கூண்டைத் திறந்து, நீலப் பறவையின் இறக்கைக்கு அடியில் ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்தாள்.

பெருக்குகிற அம்மாவுக்குக் கையெல்லாம் புண்ணானதில் தொடங்கிய வினை இது. நூற்றிருபது வருடம் முன்பு ஒரே ஆள் பாடம் செய்து கொடுத்த மான், ஓநாய், ஆந்தை, இந்த நீலப் பறவை எல்லாவற்றிலும் விஷம் இருக்கிறதா என்று சோதிக்கும்படி மேலிடத்து உத்தரவு. காலையிலிருந்து சோதனைத் தாள் பழுப்பாக மாறிக்கொண்டே இருந்தது. அப்படி விஷம் தெரிந்தவையெல்லாம் வண்டியில் ஏறிவிட்டன.

"பூச்சி அரிக்கக் கூடாதுன்னு தோலுக்கு உள்பக்கம் பாஷாணம் பூசியிருக்காங்க சார். சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி, அந்தக் காலத்துல சர்வசாதாரணம்."

"அது சரி மேடம். ஆனா இந்த இனமே பூண்டோட அழிஞ்சு போச்சு. மிஞ்சினது இது ஒண்ணுதான். இதையும் தூக்கிட்டுப் போயிட்டா இங்க ஈ காக்கா வராது."

"விஷம் இருந்தா கொண்டுபோய்ப் பிரிச்சுப் பார்த்துதான் ஆகணும்."

பிரிப்பது என்றதும் அவர் முகம் தொங்கிப்போனது.

தாள் நிறம் மாறப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் மனிதர் இருப்புக் கொள்ளாமல் தவித்தார். உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலைத் திறந்தார், மூடினார். மனைவி போனில் கூப்பிட்டதும் பேசாமலே துண்டித்தார்.

"அடுத்த வாரம் ரிட்டயர் ஆகறேன் மேடம். முப்பது வருஷம் ஒரு கெட்ட பேர் இல்லாம ஓட்டிட்டேன். போகிற நேரத்துல இது என் தலையிலயா விடியணும்?"

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. "இன்னும் நாலு நிமிஷம்தான், உட்காருங்க சார்" என்றாள்.

நேரம் முடிந்து தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. நம்பாமல் மார்பிலும் காலிலும் ஒற்றி, மறுபடி பத்து நிமிடம் காத்திருந்தாள். அதுவும் வெள்ளை.

காப்பாளர் நாற்காலியில் சரிந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவருக்கு.

"வயித்துல பாலை வார்த்தீங்க மேடம். துளி விஷம் இல்லைன்னு நான்தான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே. ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா கூண்டை மூடிடலாம்."

அவள் பேனாவை எடுக்கவில்லை. பறவையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஆள், ஒரே வருஷம், ஒரே மாதிரி பாடம் பண்ணினது. மத்த எல்லாத்துலயும் இருக்கிற பாஷாணம் இதுல மட்டும் எப்படி சார் இல்லாமப் போகும்?" என்றாள். "இது இந்தக் காலத்துல யாரோ செஞ்சு கொடுத்த போலி. அசல் பறவை எங்க சார்?"