எழுத்து தெரியாத பீர்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு ருசி மறந்து போகட்டும். மருமகனின் கார் ஷெட்டுக்குள் மதிய வெயில் சாய்ந்து விழுகிறது. வீட்டிலேயே பீர் காய்ச்சும் மூன்று பேர், நானும் மருமகனும் ஒரு பல் டாக்டரும், மேசையைச் சுற்றி நிற்கிறோம். கண்ணாடிக் கோப்பைக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். எழுத்து தெரியாத பீரைக் கழுவும் தொட்டியில் கொட்டிவிட வேண்டும். டாக்டர் காய்ச்சிய லாகர் என்ற வெளிர் பீரில் வரி விளம்பரம் வரை படிக்க முடிகிறது. பார்லியைக் கருக வறுத்து நான் காய்ச்சிய கறுப்பு பீரில் தலைப்புச் செய்தியே தெரியவில்லை. "விதி விதிதான் மாமா, கொட்டிடுங்க" என்கிறார் மருமகன். நான் தொட்டியின் துளையை உள்ளங்கையால் அடைத்துக்கொள்கிறேன். "மூணு மாசம் காத்திருந்து எடுத்தது. படிக்கிறதுக்கு வேற ஏதாவது வாங்கிக்குங்க மாப்ள. இது குடிக்கிறதுக்கு." கோப்பையின் நுரைமேல் ஓர் ஈ இறங்கி, இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்குக் கால் நனையாமல் நடந்து போகிறது. பாட்டில் திறப்பானை வைக்கிறேன், அதுவும் மூழ்கவில்லை. டாக்டர் ஒரு மிடறு குடிக்கிறார். செய்தித்தாளை நான்காக மடித்துத் தன் இடுப்புக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்கிறார்.  மருமகன் தான் காய்ச்சிய லாகரைத் தொட்டியில் கொட்டிவிட்டு, காலிக் கோப்பையை என்னிடம் நீட்டுகிறார்.

இந்தக் கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் நடக்கப்போகிறது.