ஆடக்கூடாத படம்

"எங்கப்பா ஆடவே கூடாதுண்ணா! பாருங்க, சட்டையெல்லாம் எப்படி நெளியுது!" என்றாள் மகள், திரையின் மேல் விரலை வைத்து.

"தெரியுதும்மா. விரலை எடுங்க, சரி பண்ணிடலாம்" என்றார் எடிட்டர்.

கடைத்தெருவில் அவரை எடிட்டர் என்று யாரும் கூப்பிடுவதில்லை. எந்த வீடியோவைக் கொடுத்தாலும் கச்சிதமாக வெட்டி ஒட்டிவிடுவார் என்பதால் 'கத்திரி' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

அன்று மாலை துறைமுகத் தொழிலாளர் சங்கக் கூடத்தில் நினைவுக் கூட்டம். போன மாதம் காலமான கிரேன் ஓட்டுநரின் படங்களைப் பாட்டோடு கோத்துத் திரையில் காட்ட வேண்டும். கடைசிப் படத்தில் மட்டும் அவர் முகத்தை நோக்கி மெல்ல மெல்ல நெருங்கிப் போக வேண்டும் என்பது மகளின் ஆசை. பின்னால், சோபாவின் நுனியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவளுடைய அம்மா உட்கார்ந்திருந்தார். வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை.

"வர்றவங்க எல்லாரும் அப்பாகூட வேலை பார்த்தவங்கண்ணா. கப்பல்லேர்ந்து அவர் பெட்டியைத் தூக்கி இறக்கினா, அது மேல ஒரு முட்டையை வச்சிருந்தாக்கூட உருளாதுன்னு சொல்வாங்க. அப்படிப்பட்ட மனுஷன் இவ்வளவு பெரிய திரையில வெடவெடன்னு ஆடினா நல்லாவா இருக்கும்?"

கத்திரிக்கு அந்த முட்டை பிடித்துப்போயிற்று. தொழில் தெரிந்தவரைப் பற்றிக் கேட்டால் அவருக்கு எப்போதுமே மனசு நிறையும். இந்த மனுஷனுக்காகவாவது வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

காலையில் பென் டிரைவிலிருந்து எல்லாவற்றையும் மொத்தமாக டைம்லைனில் கொட்டி, பாட்டின் தாளத்துக்குத் துண்டு துண்டாக வெட்டி, பாட்டைத் தவிர மற்ற சத்தத்தையெல்லாம் அடைத்துவிட்டிருந்தார். அது அவர் வழக்கம். நெளிவும் அவருக்குப் புதிதல்ல. பொடிக் கட்டம் போட்ட சட்டையை ஜூம் செய்தால் கோடுகள் எறும்பு மாதிரி ஊரும். படத்துக்கு ஓர் இழை மங்கல் கொடுத்தார். ஜூமின் வேகத்தைக் குறைத்தார். கோடுகள் அடங்கி ஒழுங்காக நின்றன.

"அண்ணா! உங்க கையில ஏதோ மாயம் இருக்குண்ணா!"

"இருங்க, இருங்க. இன்னும் முடியல."

சட்டைப் பையின் விளிம்பும் உதட்டு ஓரமும் இன்னும் லேசாகத் துடித்தன. மங்கலைக் கூட்டிப் பார்த்தார், துடித்தது. ஜூமையே எடுத்துவிட்டுப் பார்த்தார், அப்போதும் துடித்தது. இத்தனை வருஷத் தொழிலில் ஒரு படம் அவரிடம் இப்படி மல்லுக்கு நின்றதில்லை.

"இதை எடுத்தது யாரும்மா?"

"அம்மாதான். கை நடுங்கும்னு போனை டிவி மேல சாய்ச்சு வச்சு, ஏதோ ஒரு பட்டனை அமுக்கியிருக்காங்க. அம்மா எடுத்த ஒரே போட்டோ. எப்படியோ அழகா வந்துடுச்சு."

"உங்கப்பா நிக்கிறதைப் பாருங்க. கம்பம் நட்ட மாதிரி!"

"போட்டோன்னா அப்படித்தான் நிப்பார். வீடியோன்னா மட்டும் எழுந்து ஓடியே போயிடுவார்." அவள் குரல் இறங்கியது. "அவர் பேசி ஒரு வார்த்தை கேக்கணும்னாக்கூட எங்ககிட்ட ஒண்ணும் இல்லண்ணா. அம்மா அதைச் சொல்லிச் சொல்லித்தான் அழுவாங்க. இப்ப அதையும் சொல்றதில்ல."

கத்திரி சோபாவைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா கைப்பையின் வாரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சரி, ஒண்ணு பண்ணலாம். இந்தப் படத்தை இன்னும் நீளமா வச்சிட்டு, இன்னும் மெதுவாக் கிட்டப் போவோம். துடிக்கிறது கண்ணுக்கே தெரியாது."

படத்துண்டின் நுனியை மவுஸால் பிடித்து இழுத்தார். நீண்டது. இன்னும் இழுத்தார். முட்டிக்கொண்டது போல ஓரிடத்தில் நின்றுவிட்டது.

மறுபடி இழுத்தார். நகரவில்லை.

கத்திரி நிமிர்ந்து உட்கார்ந்தார். போட்டோவை எவ்வளவு இழுத்தாலும் நீண்டுகொண்டே போகும். அதற்கு முடிவென்று ஒன்று கிடையாது; முடிவு இருப்பது வீடியோவுக்குத்தான்.

"என்னண்ணா, கெட்டுப் போச்சா?"

அவர் பாட்டை நிறுத்தினார். காலையில் அடைத்த சத்தத்தைத் திறந்துவிட்டு, அந்தத் துண்டை முதலிலிருந்து ஓடவிட்டார். கட்டம் போட்ட சட்டையில் மனிதர் அசையாமல் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு, தலையைக்கூட ஆட்டாமல், உதட்டை மட்டும் பிரித்தார்.

"எடுத்துட்டியா? மூச்சு விட்டுக்கலாமா?"

மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் சோபாவிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"இன்னும் இல்லீங்க... கொஞ்ச நேரம் அப்படியே நில்லுங்க."