முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

அவளுக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்த மாணவி பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தாள்.

மூன்றாம் பாகம்.

அட்டையைத் தலைகீழாகப் பார்த்தாலும் அவளுக்குத் தெரியும். சாம்பல் நிற மலை. உச்சியில் கோலோடு நிற்கும் மழவன். மேகங்களை மேய்ப்பவன்.

அவள் கடைசியான ஏழாம் பாகத்தை நேற்று மதியம்தான் முடித்திருந்தாள். கடைசி வரிக்குப் பிறகு இருந்த வெற்றுத் தாள்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒன்றில் அச்சகத்தின் முகவரி இருந்தது. அதையும் படித்தாள்.

பதினோரு வருடம். இரண்டு வேலை, மூன்று வாடகை வீடு, ஒரு கல்யாணம், அதுவும் முடிந்துபோனது. எல்லாவற்றுக்கும் நடுவில், அடுத்த பாகம் எப்போது வரும் என்ற கேள்வி மட்டும் கூடவே இருந்தது.

இன்று காலை கைப்பையைத் தூக்கியபோது கனமே இல்லை.

"என்னக்கா, கையில புக்கக் காணோம்?"

பக்கத்தில் ஜெசிந்தா. தாம்பரத்திலிருந்து தினமும் இதே மகளிர் பெட்டியில் கூட வருபவள்.

"முடிஞ்சிருச்சு."

"அப்பாடா. இனிமேலாவது எங்க மூஞ்சியப் பாப்பீங்க."

அவள் சிரித்தாள். பார்வை எதிர் சீட்டை விட்டு நகரவில்லை.

மாணவிக்குப் பத்தொன்பது வயதிருக்கும். கழுத்தில் நர்சிங் கல்லூரி அடையாள அட்டை. மடியில் மடித்து வைத்த வெள்ளைக் கோட்டு. கீழுதட்டைக் கடித்துக்கொண்டே படித்தவள், ஓரிடத்தில் சத்தமில்லாமல் சிரித்தாள்.

எந்த இடம் என்று அவளுக்குத் தெரியும். மந்தையோடு வராமல் முரண்டு பிடிக்கும் குட்டி மேகத்தை மழவன் திட்டும் இடம்.

அவளும் அங்கேதான் சிரித்தாள். ஏழு வருடத்துக்கு முன்னால், காய்ச்சலில் படுத்திருந்தபோது.

புதிய அத்தியாயம் வந்தது. தலைப்புக்கு மேலே ஒரு கோலின் படம்.

அங்கிருந்து நான்கு முறை தாள் திரும்ப வேண்டும். நான்காவது முறை முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரும். அதில் மழவன் சாகிறான். பாதிப் பேச்சில். ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல்.

"அக்கா, நுங்கம்பாக்கம்! எறங்கலையா?"

"எழும்பூர்ல ஒரு வேலை இருக்கு."

"சொல்லவே இல்ல?" ஜெசிந்தா ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

வண்டி கிளம்பியது. அலுவலகம் பின்னால் போனது.

முதல் தாள்.

சேத்துப்பட்டில் சேஃப்டி பின் விற்கும் அம்மாள் ஏறிக் குறுக்கே நின்றாள். அந்த அம்மாளைத் தாண்டி அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

இரண்டாம் தாள்.

மாணவியின் முகம் மாறும் நொடியைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் உட்கார்ந்திருந்தாள். முதல் முறை படித்த அன்றைக்கு அவள் அழுததைப் பார்க்க ஆளில்லை. இனி எத்தனை முறை படித்தாலும் அந்த அழுகை அவளுக்கு வராது. தெரிந்துகொண்டு அழுவது வேறு.

மூன்றாம் தாள். எழும்பூர் வந்து போனது.

மாணவி அடுத்த தாளின் ஓரத்தில் விரலை வைத்தாள்.

பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளக் கை எழவில்லை.

எந்த ஸ்டேஷன் என்று பார்க்கத்தான் மாணவி நிமிர்ந்தாள். ஜன்னலுக்குப் போன பார்வை பாதியில் நின்றது. எதிரே இருந்தவளின் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கண்கள் எதைப் பார்க்கின்றன என்று பார்த்தாள். பிறகு, தன் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள்.

"மழவனா?"

இல்லை என்று உடனே தலையாட்டியிருக்க வேண்டும். படித்து முடித்தவர்கள் படித்துக்கொண்டிருப்பவர்களிடம் எதையும் காட்டிக்கொள்ளக் கூடாது. பதினோரு வருடத்தில் ஒருவரிடமும் அவள் வாய் திறந்ததில்லை.

இல்லை என்று தலையாட்டினாள்.

கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

மாணவி தாளிலிருந்து விரலை எடுத்தாள்.

"போங்கக்கா," என்றாள். "நான் படிக்கவே மாட்டேன்."

புத்தகத்தை மூடினாள். பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

பார்க் ஸ்டேஷனில் பாதிப் பெட்டி இறங்கியது. மாணவி பையை முதுகில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

அவளும் பின்னாலேயே இறங்கினாள். மன்னிப்புக் கேட்கத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

மேம்பாலப் படியில் ஒரே நெரிசல். மாணவி இரண்டு படி மேலே ஏறிக்கொண்டிருந்தாள். எட்டினால் தோளைத் தொட்டுவிடலாம். பெயர் தெரியாது. பாப்பா என்று கூப்பிடலாம்.

கூப்பிடவில்லை.

கண்ணுக்கு நேரே அந்தப் பை. அதற்குள் ஒரு தாள் இன்னும் திரும்பவில்லை.

கீழேயிருந்து கூட்டம் தள்ளியது. பையின் மேல் யாரும் மோதிவிடாதபடி, அவள் படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு முதுகால் கூட்டத்தைத் தாங்கினாள்.