உப்புப் பார்க்கும் கை
வில்லியனூர் பக்கம், பழைய ஓட்டு வீட்டை இடித்த மனையில் வெயில் இப்போதுதான் நடுவீடு இருந்த இடம் வரைக்கும் வந்து நிற்கிறது. மேஸ்திரி சுண்ணாம்புத் தூளால் இரண்டு வீடுகளைத் தரையில் வரைந்து முடித்திருக்கிறார். ஒன்று அண்ணனுக்கு, ஒன்று தம்பிக்கு. அண்ணன் மனைவி ஆண்டாள் தன் புதுச் சமையலறைக் கோட்டுக்குள் இடித்த வீட்டுச் செங்கற்களைக் கூட்டி அடுப்பு மூட்டி, வேலையாட்களுக்குச் சாம்பார் கொதிக்க விட்டிருக்கிறாள். தம்பி மனைவி கல்பனா கோட்டுக்கு அந்தப் பக்கம், தன் சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாள். "கல்பனா, உப்பு பாரு." கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆண்டாள் சமைப்பாள், கல்பனா உப்புப் பார்ப்பாள். பழக்கத்தில் கல்பனாவின் உள்ளங்கை சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி நீள்கிறது. "அங்க செவுரு வருதும்மா," என்று மேஸ்திரி சிரிக்கிறார். கை அப்படியே நிற்கிறது. கரண்டியும் நிற்கிறது. கல்பனா எழுந்து, தன் வாசலுக்கென்று விட்ட இடைவெளி வழியாகத் தெருவுக்கு இறங்கி, ஆண்டாளின் வாசல் வழியாக உள்ளே வருகிறாள், புடவையைத் தூக்கிப் பிடித்து, எந்தக் கோடும் கலையாமல். ஒரு சொட்டுச் சாம்பாரை உள்ளங்கையில் வாங்கி நக்கிப் பார்க்கிறாள். "சரியா இருக்குதுக்கா." ஆண்டாள் தலை நிமிராமல் சாம்பாரைக் கிளறுகிறாள். "மேஸ்திரி, அந்த செவுத்துல கொஞ்சம் எடம் வுடுப்பா. கை நுழைஞ்சா போதும்." "எந்த ஒசரத்துலம்மா?" கல்பனா வந்த வழியே சுற்றிப் போய்த் தன் பக்கம் நின்று, காற்றில் உள்ளங்கையை நீட்டுகிறாள். மேஸ்திரி குனிந்து, தரையிலிருந்து ஈரம் காயாத அந்தக் கை வரைக்கும் டேப்பைப் பிடிக்கிறார்.