காற்றில் ஓடும் கூடாரம்

கடைசிப் படகு கரைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. இனி நாளைக் காலையில்தான் அடுத்த படகு. தீவின் புல்மேட்டில் மாலை வெயில் மஞ்சளாகச் சாய்ந்து கிடக்க, மருமகன் நீலக் கூடாரத்தின் முதல் ஆணியைக் கல்லால் அடிக்கிறான். மகள் அவனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு இரண்டு வருடமாகியும் அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசாத மாமனார், கடலைப் பார்த்தபடி கைகட்டி நிற்கிறார். "அப்பா, நீங்களும் ஒரு கை பிடிங்களேன்," என்கிறாள் மகள். "அந்தத் தம்பிக்குத்தான் எல்லாம் தெரியுமே," என்கிறார் அவர், திரும்பாமலே. அந்த நேரம் பார்த்துக் காற்று ஓங்கி வீசுகிறது. ஆணி பிடுங்கிக்கொள்ள, கூடாரம் உப்பி எழுந்து, புல்லில் உருண்டு, பாறை விளிம்பை நோக்கி ஓடுகிறது. மருமகன் ஒற்றைச் செருப்போடு துரத்துகிறான். "ஐயோ, அப்பா!" என்று மகள் அலற, திரும்பிய மாமனார் கைகளை அகல விரித்துத் தொப்பென்று அதன்மேல் விழுகிறார். துணி புஸ்ஸென்று அடங்குகிறது. "மாமா, அடி பட்டுடுச்சா?" என்று பதறி மண்டியிடுகிறான் மருமகன். மூக்குக்கண்ணாடி ஒரு காதில் தொங்க, படுத்த வாக்கிலேயே அவர் வயிறு குலுங்கச் சிரிக்கிறார். "எனக்கு ஒண்ணும் இல்ல. அந்த ஓரத்தக் கெட்டியா பிடிங்க மாப்ள, மறுபடியும் கிளம்பிடப் போகுது!"