ஆளைப் பார்த்து ஆட்டம்

“தோத்துட்டேன்!” என்றபடி செருப்பைக் கழற்றினார் அவர்.

குரலில் வருத்தமே இல்லை. கொடியிலிருந்து எடுத்துவந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

“யார்கிட்ட?”

“உன் பொண்ணு கட்டினா அவனைத்தான் கட்டுவேன்னு நிக்கிறாளே, அந்தக் கண்ணாடிக்கடைக்காரன்கிட்ட. ஃபைனல்ல ரெண்டே பேர். அவனும் நானும்.”

கிளப்பில் வருடாவருடம் நடக்கும் போக்கர் சீட்டாட்டப் போட்டி. மகள் தன் விருப்பத்தைச் சொல்லிப் பல மாதமாகியும் அவர் பிடி கொடுக்கவில்லை. ‘போட்டிக்கு வரச் சொல்லு. எதிர்ல உட்காந்து ஆடிப் பாத்துட்டு, சரியா இல்லையான்னு அன்னிக்கே சொல்லிடறேன்’ என்றிருந்தார். சீட்டு மேஜையில் மனுஷனின் குணம் மறையாது என்பது அவர் கட்சி.

“பெரியவராச்சேன்னு விட்டுக்குடுக்கத் தெரியல பாருங்க. இவனெல்லாம் நாளைக்கு நம்மள மதிப்பானா?”

“அட, விட்டுக்குடுத்திருந்தா அங்கேயே வேண்டாம்னுட்டு எழுந்து வந்திருப்பேன். உனக்கு ஆட்டமும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது.”

“எனக்கென்ன தெரியும்!” தலையணை உறையை உதறினாள்.

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“வக்கீல் இருக்காரே, வாயாலேயே மிரட்டுவார். அவர்கிட்ட இவன் பேசாம காத்திருந்தான். நல்ல சீட்டு வந்ததும் ஒரே போடு. பல் டாக்டர் பயந்தாங்கொள்ளி. அவர்கிட்ட கையில நல்ல சீட்டு ஒண்ணுமே இல்லாம பந்தய வில்லைங்களை, அதான் சிப்ஸை, அள்ளி வச்சான். மனுஷன் சீட்டைக் கவுத்துட்டு ஓடிட்டார். எதிராளிக்குத் தகுந்த மாதிரி ஆட்டத்தை மாத்தறான்.”

“ஆளுக்கொரு வேஷம்னு சொல்லுங்க. அப்படிப்பட்டவனை நம்பிப் பொண்ணைக் குடுக்கறதா?”

“வேஷம் இல்லடி, நிதானம்! எதிர்ல இருக்கறது யாருன்னே பார்க்காம எல்லார்கிட்டேயும் ஒரே மாதிரி ஆடறவன்தான் முட்டாள். நானும் வேணும்னே சீண்டிப் பார்த்தேன். ‘என்னப்பா, கடையில ஈ ஓட்டறியா, சீட்டாட வந்துட்டே?’ன்னேன். சிரிச்சுக்கிட்டே ஆட்டத்தைத் தொடர்ந்தான். கடைசியில உதவாத சீட்டை வச்சுக்கிட்டு என்கிட்ட இருந்த மொத்த சிப்ஸையும் நடுவுல தள்ளினேன். அதுக்குப் பயப்படாதவன் அந்தக் கிளப்புலயே கிடையாது. இவன் சீட்டைக் கவுக்காம எதிர்த்து நின்னான்!”

“நின்னா? அதுக்காக? எனக்கு மனசு ஒப்பலைங்க. கொஞ்ச நாள் போகட்டும், வேற இடம் பார்ப்போம்.”

“நான் உட்காந்து பார்த்துட்டு வந்து சொல்றேன், நீ வீட்டுல இருந்துக்கிட்டு நொட்டை சொல்றியா?” அவர் எழுந்தேவிட்டார். “இவன்தான் மாப்பிள்ளை. முடிஞ்சுது பேச்சு. பொண்ணு வேலை விட்டு வரட்டும், நானே சொல்றேன்.”

“நான் சொல்லி என்னிக்குக் கேட்டிருக்கீங்க? உங்க இஷ்டம்.”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு துணிக்கூடையோடு பின்னறைக்குப் போனாள். கதவைச் சாத்திவிட்டுக் கைபேசியைக் காதில் வைத்தாள்.

“மாப்பிள்ளை, ஒத்துக்கிட்டார்! நான் சொன்ன மாதிரியே சீண்டினப்போ சிரிச்சீங்க, விட்டுக்குடுக்காம ஜெயிச்சீங்க; மிச்ச ஆட்டத்தை இங்க நான் ‘வேண்டாம், வேண்டாம்’னே ஆடி முடிச்சுட்டேன்.”