வெறுங்கால் சத்தியம்

“கை மேலேயே இருக்கட்டும்!”

வேதவல்லி போட்ட அதட்டலில் அம்பலவாணன் ஆடிப்போனான். வலக்கையைத் தூக்கியபடியே இடக்கையை மெல்லக் காலடிக்குக் கொண்டுபோனவன், கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டான்.

“குனிஞ்சு என்ன எடுக்கப் பாக்கிறீங்க?”

“ஒண்டும் எடுக்கேல்லை மேடம். சப்பாத்தைக் கழட்டுறன்.”

இது ஆமி முகாம் அல்ல. லண்டன் டூட்டிங்கில், மரக்கறிக் கடை ஒன்றின் மேல்மாடியில், சொலிசிட்டர் வேதவல்லியின் அறை. ஆண்டு தொண்ணூற்றைந்து. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த அம்பலவாணனுக்குப் பிரித்தானியக் குடியுரிமை சரிவந்திருந்தது. மகாராணிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சொலிசிட்டருக்கு முன்னால் சத்தியம் செய்து, அவள் கையெழுத்தை வாங்கி அனுப்புவதுதான் பாக்கி.

அந்தக் கையெழுத்தில்தான் அவன் கலியாணமே தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த சிவகௌரிக்கும் அவனுக்கும் போன வருடம் லண்டனிலேயே பதிவுத் திருமணம் முடிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தார் அதை ‘எழுத்து’ என்பார்கள். தாலி கட்டுவது ஆவணியில், அவளுடைய பெற்றோர் இருக்கும் மெட்ராசில். அதுவரை அவள் ரெய்னர்ஸ் லேனில் அக்கா வீட்டில், இவன் டூட்டிங்கில். பாஸ்போட் இல்லையென்றால் மெட்ராஸ் இல்லை, மெட்ராஸ் இல்லையென்றால் தாலி இல்லை. பாவம், மனிசன் எத்தனை நாளைக்குத்தான் ரெயில் மாறி மாறிப் போய், பெண்டாட்டி கையால் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வருவான்!

“இறுகிப்போச்சு,” என்று அவன் சப்பாத்துக் கயிற்றோடு மல்லுக்கட்டினான். “எழுத்தண்டைக்கு வாங்கினது. அதுக்குப் பிறகு இண்டைக்குத்தான் போடுறன். சிவகௌரி, நினைவிருக்கே? உமக்கும் அண்டைக்குப் புதுச் சப்பாத்து. குதிக்கால் வெட்டி ரத்தம் வடியுது. அந்த வெள்ளைக்கார றெஜிஸ்ட்ரார் மனிசியே கழட்டிப்போட்டு நில்லும் எண்டு சொன்னவ. கேட்டனீரே? கடைசி மட்டும் நொண்டி நொண்டி நிண்டனீர். பொம்பிளையளுக்கு ஸ்டைல்தான் பெரிசு!”

சிவகௌரி கைப்பையைத் திறந்து திறந்து மூடினாள்.

சப்பாத்துக் கழன்றது. பிறகு காலுறை. பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் முழுக்க நின்றுவிட்டு நேரே வந்த கால். வேதவல்லி அவசரமாக எழுந்துபோய் யன்னலைத் திறந்தாள்.

“மிஸ்டர் அம்பலவாணன், இது கோயில் இல்ல. சத்தியத்தைக் கேலி பண்றீங்கன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“ஐயோ மேடம், கேலி இல்லை! மெய்யாச் சத்தியம் பண்ணத்தான் கழட்டுறன்!”

“ஏன், ஷூ போட்டுட்டுப் பண்ணினா பொய்ச் சத்தியமா?”

“ஓம்.”

இனிச் சொல்லாமல் தப்ப முடியாது. சொன்னான். அவன் ஊரில் ஒரு ஆமி போக அடுத்த ஆமி வரும். வருகிற ஒவ்வொரு ஆமியும் சனத்தைப் பள்ளிக்கூட மைதானத்தில் நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லி, இனி உங்களுக்குத்தான் விசுவாசம் என்று சத்தியம் வாங்கும். செய்யாவிட்டால் அடி. செய்துவிட்டு மீறினால் தெய்வக் குற்றம்.

“அப்பதான் எங்கட கோயில் ஐயர் ஒரு வழி சொன்னவர், மேடம். செருப்புக் காலோட பண்ணுற சத்தியம் நிலத்துக்கு இறங்காதாம், பூமாதேவிக்குக் கேக்காதாம். பிறகென்ன, முழு ஊரும் செருப்பு! பிறந்தநாள் தொட்டு வெறுங்காலோட திரிஞ்ச கிழவனும் செருப்பு! சோடி அகப்படாதவை ஒரு காலுக்குத் தன்ரை, மற்றக் காலுக்குப் பெண்சாதியின்ரை. ஆமிப் பெரியவருக்குச் சந்தோசப் புழுகம் தாங்கேல்லை. தனக்கு மரியாதை தந்து சனம் வடிவா வெளிக்கிட்டு வருகுதெண்டு!”

வேதவல்லி சிரித்தேவிட்டாள். “அப்போ மகாராணிக்கு மட்டும் ஏன் வெறுங்கால்?”

“அவ என்னை அடிக்கேல்லைத்தானே மேடம். இருக்க இடம் தந்தவ. அவவுக்குப் பொய்ச் சத்தியம் பண்ண மனம் வருகுதில்லை.”

கார்ப்பெட்டை ஓரமாக மடித்துவிட்டு, தரைப் பலகையில் இரண்டு காலையும் நன்றாக ஊன்றிச் சத்தியம் செய்தான். வேதவல்லி கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினாள். அவனுக்கு மெட்ராஸ் மேளம் அப்போதே காதில் கேட்டது.

பேனையை மூடியவள் நிமிர்ந்தாள். வக்கீல் புத்தி சும்மா இருக்குமா?

“ஒரு சந்தேகம். பதிவுக் கல்யாணத்தப்போ இந்த ஷூ உங்க கால்லதானே இருந்துச்சு?”

மேளம் நின்றுவிட்டது. அம்பலவாணன் மெல்லத் திரும்பி சிவகௌரியைப் பார்த்தான்.

“கோவியாதையும்... கவர்மெந்து ஆக்களுக்கு முன்னால சத்தியம் எண்டால் கால் தன்ரபாட்டில சப்பாத்துக்குள்ள நிண்டிடும். பழகிப்போச்சு. அதோட, உம்மை அப்ப ரெண்டுதரம்தானே பாத்திருந்தன்... சும்மா ஒரு சேப்டிக்கு...”

“சேப்டிக்கா?” என்றாள் வேதவல்லி.

“தாலி கட்டேக்க வெறுங்கால்தானே! முருகன் அறிய, அது மெய்ச் சத்தியம் சிவகௌரி!”

சிவகௌரி எழுந்தாள். அடிதான் விழப்போகிறது என்று நினைத்து அவன் இரண்டு கையையும் தூக்கிவிட்டான்.

அவள் குனிந்து தன் குதிக்காலில் இருந்த பழைய தழும்பை ஒருமுறை தடவினாள். பிறகு அவன் சப்பாத்துகளை எடுத்து நீட்டினாள்.

“கையை இறக்குங்கோ. எங்கட ஊருக்கும் அதே ஆமிதான் வந்தது.”